ஈரி ஏரிக்கரையில் பஃபலோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்க வந்து, வேலை கிடைத்து, பல பனிக்காலங்களை இங்கேயே கழித்துவிட்டேன். அதனால் பஃபலோ என்ற பேச்சு வந்தாலே ஊரில் சொந்தக்காரர்களும், புதிதாகச் சேரப்போகும் மாணவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

நியூயார்க் என்றுதானே சொன்னார்கள்? சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்திலா?

மாநிலம்தான் நியூயார்க். நகரம் வேறு. பஃபலோ அந்த மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. நியூயார்க் நகரத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரம். ஈரி ஏரி முடிந்து நயாகரா ஆறு புறப்படும் முனையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆறு வடக்கே 30 கிலோமீட்டர் ஓடி நயாகரா அருவியாக விழுகிறது. ஆற்றின் எதிர்க்கரை கனடா. 1927-இல் திறந்த பீஸ் பிரிட்ஜ் பாலம் இரண்டு நாடுகளையும் இணைக்கிறது.

ஊர்ப் பெயருக்கும் எருமைக்கும் என்ன சம்பந்தம்?

இங்குள்ள பஃபலோ கிரீக் என்ற ஓடையின் பெயர்தான் ஊருக்கு வந்தது. ஓடைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது, இது செனிகா என்ற பழங்குடி மக்களின் நிலம் என்பது. 1838, 1842 ஒப்பந்தங்களால் அவர்கள் ஓடைக்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று என்கிறார்களே, எப்படி?

1900-இல் அமெரிக்காவின் எட்டாவது பெரிய நகரம் இது. எல்லாம் தண்ணீர் கொடுத்த வாழ்வு.

1825-இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 363 மைல், கிட்டத்தட்ட 584 கிலோமீட்டர். உள்நாட்டுச் சமவெளியில் விளைந்த கோதுமை பெரிய கப்பல்களில் ஏரி வழியாக இங்கே வரும். இங்கே இறக்கி, சின்னக் கால்வாய்ப் படகுகளில் ஏற்றி, நியூயார்க் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். சரக்கு கப்பல் மாறுகிற இடம் என்பதுதான் ஊரின் பிழைப்பு.

ஆரம்பத்தில் தானியத்தை முதுகில் சுமந்துதான் இறக்கினார்கள். 1842-இல் ஜோசப் டார்ட் என்ற வணிகரும் ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரும் நீராவியில் ஓடும் முதல் தானிய எலிவேட்டரை இங்கே கட்டினார்கள். எலிவேட்டர் என்றதும் லிஃப்ட் என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட பட்டையில் வரிசையாக வாளிகளைக் கோத்துக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்குவார்கள். அது கோதுமையை அள்ளிக்கொண்டு மேலே போய்க் கொட்டும். கொட்டுகிற இடம் குதிர். நம் தாத்தா வீட்டுக் குதிர் பத்து மாடி உயரத்துக்கு வளர்ந்து, வரிசையாகப் பல நின்றால் எப்படி இருக்கும்? பஃபலோ ஆற்றங்கரை அப்படித்தான் இருக்கிறது. முதலில் மரத்தால் கட்டி, அவை தீப்பிடித்து எரிய எரிய, 20-ஆம் நூற்றாண்டில் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். இந்த மாதிரி அமெரிக்கக் குதிர்களின் படங்களைப் பார்த்து ஐரோப்பாவில் வால்டர் குரோப்பியஸ், லெ கொர்புசியே என்ற கட்டடக் கலைஞர்கள் வியந்தார்கள். அலங்காரம் எதுவும் இல்லாமல் இவ்வளவு கம்பீரமா என்ற வியப்பு. அதே லெ கொர்புசியேதான் பிற்பாடு நம் சண்டிகரைத் திட்டமிட்டவர்.

வாளிக்கு எட்டாத மூலைகளில் கிடக்கும் தானியத்தைத் தள்ளிக்கொடுக்க ஆட்கள் வேண்டும். ஸ்கூப்பர்கள் என்று பெயர். பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள், ஃபர்ஸ்ட் வார்டு என்ற ஆற்றோரப் பகுதியில் குடியிருந்தவர்கள். அவர்களுக்கு வேலையும் கூலியும் சாராயக் கடை வழியாகத்தான் வந்தது. அங்கே குடித்துச் செலவழிப்பவருக்கே அடுத்த நாள் வேலை. 1899-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து அந்த முறையை உடைத்தார்கள். இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

அப்புறம் மின்சாரம். 1896 நவம்பரில் நயாகரா அருவியில் தயாரான மாறுமின்னோட்டம் பஃபலோவுக்கு வந்து சேர்ந்தது. மின்சாரத்தைத் தூரத்துக்கு அனுப்ப முடியும் என்பதை உலகம் நம்பிய தருணங்களில் அது ஒன்று. ‘ஒளி நகரம்’ என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. அதன் பின்னால் எஃகு ஆலைகள் தெற்கே லாக்கவானாவில் எழும்பின.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1902-இல் பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை பார்த்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்க ஒரு கருவி வடிவமைத்தார். நவீன ஏர் கண்டிஷனரின் தொடக்கம் அதுதான். சென்னை மே மாதத்தைத் தாங்கவைக்கும் கருவி இந்தக் குளிர் ஊரில் பிறந்தது.

பிறகு ஏன் சரிந்தது?

கப்பல் மாறும் இடமாக இருந்ததால் வளர்ந்த ஊர், கப்பல் மாற வேண்டிய தேவை போனதும் சரிந்தது. 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்தது. கப்பல்கள் கனடாவின் வெலண்ட் கால்வாய் வழியாக நேரே கடலுக்குப் போக ஆரம்பித்தன; பஃபலோவில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த அடி எஃகு. லாக்கவானாவில் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் உச்சக் காலத்தில் 20,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 1983-இல் அங்கே எஃகு உருக்குவது நின்றது. அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வாசலில் நுழைந்த குடும்பங்கள் அவை.

1950-இல் 5,80,132 பேர். 2010-இல் 2,61,310. பாதிக்கும் கீழே.

எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து வந்த மாற்றமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஊர் தனக்குத் தானே செய்துகொண்டதும் உண்டு. 1868 தொடங்கி ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும் பூங்காக்களையும் அவற்றை இணைக்கும் மரவரிசைச் சாலைகளையும் ஒரே வலையாக இங்கே வடிவமைத்தார்கள். அதில் மிக அழகான ஹம்போல்ட் பார்க்வேயை 1960களில் வெட்டிப் பள்ளமாக்கி, கென்சிங்டன் விரைவுச்சாலையை ஓட்டினார்கள். கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி இரண்டாகப் பிளந்தது. புறநகரில் இருந்தவர்கள் சில நிமிடம் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக! இப்போது அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதியை மூடி மேலே மரம் வைக்க மாநில அரசு திட்டம் போட்டு, அதற்கும் ஊருக்குள் எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. பஃபலோ பல்கலைக்கழகமும் அப்படித்தான். புதிய வளாகத்தை ஊர் நடுவில், ஏரிக்கரையில் கட்டலாம் என்ற பேச்சு இருந்தபோது, ஆம்ஹர்ஸ்ட் புறநகரில் வெட்டவெளியில் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

இப்போது ஊர் மீண்டு வருகிறது என்று படித்தேன். உண்மையா?

உண்மை, ஆனால் முழுசாக இல்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,78,349 ஆனது. 70 ஆண்டுகளில் முதல் ஏற்றம். அந்த எண் வெளியான நாளில் இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மீட்சி எப்படி வந்தது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரிய பணம் வந்து ஊரைத் தூக்கும் என்று காத்திருந்த காலமெல்லாம் வீண். பாருங்கள்: கால்வாய் முடிந்த பழைய துறைமுகத்தில் பாஸ் ப்ரோ என்ற மீன்பிடி, வேட்டைச் சாமான் கடையின் பெரிய கிளையைக் கொண்டுவர ஏறக்குறைய பத்து ஆண்டு பேசினார்கள். 2010-இல் அவர்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர்க்காரர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். புல்வெளி, வண்ண வண்ணச் சாய்வு நாற்காலிகள், கோடையில் கச்சேரி. அவ்வளவுதான் செய்தார்கள். கூட்டம் வந்துவிட்டது! பிறகு பழைய கால்வாய் ஓடிய தடத்தில் ஆழமில்லாத நீர்த்தடம் அமைத்து, குளிர்காலத்தில் அதைப் பனிச்சறுக்குத் திடலாக்கினார்கள். கேனல்சைடு என்ற அந்த இடம் இன்று ஊரின் முற்றம் மாதிரி.

மறுபக்கம், 2012-இல் மாநில ஆளுநர் பஃபலோவுக்கு 1 பில்லியன் டாலர் என்று அறிவித்தார். அதில் பெரும்பகுதி, இடித்த ஓர் எஃகு ஆலை நிலத்தில் கட்டிய சூரியத் தகடு தொழிற்சாலைக்குப் போனது. இப்போது டெஸ்லா நடத்துகிறது. கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும் அரசு செலவிட்டது 900 மில்லியன் டாலருக்கு மேல். அங்கே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உலகத்துக்கே சூரியத் தகடு அனுப்பும் ஊர் என்று பேசியது நடக்கவில்லை. அந்தப் பணத்தில் எத்தனை கூரைகளை மாற்றியிருக்கலாம் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு கணக்குப் போடும்.

அப்படியானால் ஊரை உண்மையில் நிமிர்த்தியது யார்?

என்னைக் கேட்டால், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் அகதிகளும். பர்மா, பூட்டான், சோமாலியா, காங்கோ, ஈராக் என்று பல நாட்டு அகதிகளை இங்கே குடியமர்த்தினார்கள். மேற்குப் பகுதியில் காலியாகக் கிடந்த கடைகளுக்கு விளக்கு வந்தது. அவர்களின் சிறு கடைகள் ஒரே கூரையின்கீழ் கூடியதுதான் வெஸ்ட் சைடு பஜார். 2022-இல் தீப்பிடித்த பிறகும் வேறு கட்டடத்தில் மீண்டும் திறந்தார்கள்.

கிழக்குப் பகுதியில் நடந்தது இன்னும் பெரிய கதை. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வாடகை கட்ட முடியாமல் தவித்த வங்கதேசக் குடும்பங்கள் இங்கே வந்து, பலகை அடித்து மூடிய பழைய மர வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். சொந்தக்காரர்கள் சேர்ந்து கூரை போட்டு, குழாய் மாற்றி, ஒவ்வொரு வீடாக எழுப்பினார்கள். போலந்துக்காரர்கள் கட்டி, ஆளில்லாமல் மூடிய கத்தோலிக்க தேவாலயங்களில் சில இன்று பள்ளிவாசல்கள். மூடிய கதவு திறந்து, உள்ளே தொழுகைச் சத்தம் கேட்டால் அந்தத் தெரு பிழைத்தது என்று அர்த்தம்.

இதற்கு முன்பும் இப்படித்தான். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் நயாகரா ஆற்றைத் தாண்டிக் கனடா போக இந்த ஊர் ஒரு கடைசிப் படி. மிச்சிகன் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம் அவர்களை ஒளித்து வைத்து அனுப்பியதாகச் சொல்வார்கள். கட்டடம் இன்றும் இருக்கிறது. 1980களிலிருந்து அதே ஆற்றைத் தாண்டிக் கனடாவில் புகலிடம் கேட்கப் போகிறவர்கள், வீவ் என்ற அகதிகள் இல்லத்தில் தங்கிப் போயிருக்கிறார்கள்.

கிழக்குப் பகுதிக்குப் போகாதே என்று பயமுறுத்துகிறார்களே?

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பஃபலோவை மெயின் ஸ்ட்ரீட் என்ற ஒரே சாலை பிரிக்கிறது. மேற்கே பெரும்பாலும் வெள்ளையர்களும் பணமும். கிழக்கே கறுப்பினத்தவர்களும் பல ஆண்டுப் புறக்கணிப்பும். கடன் தராத வங்கி, பிளந்த சாலை, மூடிய கடை எல்லாம் சேர்ந்து வரைந்த கோடு அது. கிழக்கில் நல்ல மளிகைக் கடை வேண்டும் என்று மக்கள் நெடுநாள் கேட்டுப் பெற்றதுதான் ஜெஃபர்சன் அவென்யூவில் உள்ள டாப்ஸ் கடை. 2022 மே 14 அன்று, நிறவெறி பிடித்த ஓர் இளைஞன் வெகுதூரத்திலிருந்து காரில் வந்து, அந்தக் கடையில் 10 கறுப்பினத்தவர்களைச் சுட்டுக் கொன்றான். சனிக்கிழமை மதியம், சாமான் வாங்க வந்தவர்கள். பாதுகாப்பு பற்றிக் கேட்கிறவர்களிடம் இதைச் சொல்வேன்: பயந்து வாழ வேண்டியிருந்தது அந்தப் பகுதி மக்கள்தான்.

ஊர் மீண்டது என்று படங்களில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் ஏரிக்கரையும் மேற்கும். மீட்சி மெயின் ஸ்ட்ரீட்டைத் தாண்டிப் போகும் வேகம் எனக்குப் போதவில்லை.

பனி அவ்வளவு மோசமா?

ஆண்டுக்குச் சராசரி 240 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்யும். ஆனால் தினமும் சமமாகப் பெய்வதில்லை. அங்கேதான் ஏரி வருகிறது. ஈரி ஏரி 388 கிலோமீட்டர் நீளம், சராசரி ஆழம் 19 மீட்டர்தான். வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளிலேயே ஆழம் குறைந்தது. நவம்பர், டிசம்பரில் தண்ணீரில் இன்னும் கோடைச் சூடு மிச்சம் இருக்கும். தென்மேற்கிலிருந்து உறைகாற்று ஏரியின் முழு நீளத்துக்கும் அடித்துக்கொண்டு வந்து, வழியெல்லாம் ஈரத்தைக் குடித்து, கரை ஏறியதும் கொட்டித் தீர்க்கும். லேக் எஃபெக்ட் என்பது இதுதான். அது ஒரு குறுகிய பட்டையாக விழும். 2014 நவம்பரில் தெற்குப் புறநகர்களில் ஐந்தடிக்கு மேல் பனி. வடக்கே சில கிலோமீட்டரில் வெயில். ஏரி உறைந்துவிட்டால் ஈரம் கிடைக்காமல் இந்தப் பனி குறையும். 1977 ஜனவரிப் புயல் மட்டும் விதிவிலக்கு: உறைந்த ஏரியின்மேல் சேர்ந்து கிடந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் போட்டது.

2022 கிறிஸ்துமஸ் பனிப்புயலில் இந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். காருக்குள்ளும், தெருவிலும், வெப்பம் நின்றுபோன வீட்டுக்குள்ளும். அந்த இரவுகளில் ஒருவர், பக்கத்து ஊர்ப் பள்ளியின் கண்ணாடியை உடைத்து உள்ளே போய், சாலையில் சிக்கிய 20-க்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிவந்து காப்பாற்றினார். போகும்போது கண்ணாடியை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். ‘நல்ல அண்டை வீட்டாரின் நகரம்’ என்று இந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்ளும். நான் பார்த்த அளவில் அது நிஜம்.

புதிதாக வருகிறவர்களுக்கு: வண்டி ஓட்டத் தடை போட்டால் போட்டதுதான். வெளியே போகாதீர்கள். வீட்டில் நான்கு நாளுக்கு அரிசி, பருப்பு, மருந்து, டார்ச் இருக்கட்டும். வாசல் நடைபாதையில் பனி வாருவது உங்கள் பொறுப்பு. பக்கத்து வீட்டுப் பாட்டியுடையதையும் சேர்த்து வாரிவிடுங்கள்.

கோடை எப்படி?

அருமை. அதே ஏரி கோடையில் குளிர்காற்று வீசும். பஃபலோவில் அதிகாரபூர்வமாக 100 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானதே இல்லை. உச்சம் 1948-இல் 99. வேலூர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள்.

ஏரித் தண்ணீர், ஆறு எல்லாம் சுத்தமா? தொழிற்சாலை ஊர் ஆயிற்றே.

பஃபலோ ஆறு 1968-இல் தீப்பிடித்து எரிந்தது. தண்ணீர் எரிந்தது என்றால் எவ்வளவு எண்ணெய் மிதந்திருக்க வேண்டும்! மீன் இல்லை, உயிரே இல்லை என்று கைவிட்ட ஆறு. பிறகு உள்ளூர்த் தன்னார்வலர்கள் பல ஆண்டு விடாமல் மனுப்போட்டு, மாதிரி எடுத்து, அரசையும் ஆலைகளையும் மேசைக்கு இழுத்து வந்தார்கள். 2010களில் அடியில் படிந்த நச்சுச் சேற்றைத் தூர்வாரினார்கள். இன்று அதே குதிர்களுக்கு நடுவே மக்கள் கயாக் துடுப்புப் போடுகிறார்கள். பழைய பெத்லகேம் ஆலையின் கசடு மேட்டில் 14 காற்றாலைகள் சுற்றுகின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. பெரிய மழை பெய்தால் சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் கலந்து ஆற்றில் வழிவது இன்னும் தொடர்கிறது.

ஊருக்கே ஒரு வாசனை உண்டாமே?

உண்டு. ஆற்றங்கரையில் ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனியின் ஆலை இன்னும் ஓடுகிறது. சீரியோஸ் என்ற ஓட்ஸ் காலை உணவு வறுபடும் நாளில், காற்று வாகாக அடித்தால், ஊர் நடுப்பகுதி முழுக்க வறுத்த ஓட்ஸ் மணம். அதை டி-ஷர்ட்டில் எழுதிப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு மக்களுக்குப் பெருமை. பொரிகடலைக் கடை இருக்கும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெருமை புரியும்.

சாப்பாடு?

1964-இல் ஆங்கர் பாரில் தெரஸா பெலிசிமோ செய்ததாகச் சொல்லப்படும் கோழி இறக்கை வறுவல்தான் உலகம் முழுக்கப் ‘பஃபலோ விங்ஸ்’ ஆனது. இங்கே வெறும் விங்ஸ். மிளகாய், வினிகர், வெண்ணெய் சேர்ந்த சாஸ். தொட்டுக்கொள்ள நீலச் சீஸ் கலவை. வேறு எதையாவது கேட்டால் முகம் மாறும். சீமைச் சோம்பும் கல்லுப்பும் தூவிய ரொட்டியில் வைத்த மாட்டிறைச்சி இன்னோர் உள்ளூர்ப் பதார்த்தம். சைவக்காரர்களுக்குப் பழைய ஊர் உணவில் பெரிதாக எதுவும் இல்லை. புதிதாக வந்தவர்களின் கடைகளில்தான் கிடைக்கும்.

வீடு எப்படிக் கிடைக்கும்?

பழைய பகுதிகளில் ‘டபுள்’ என்ற வீடுகள் அதிகம். நம்மூரில் கீழ் போர்ஷன், மாடி போர்ஷன் மாதிரிதான். இங்கே லோயர், அப்பர் என்பார்கள். வீட்டுக்காரர் கீழே, வாடகைக்காரர் மேலே. பெரும்பாலான வீடுகள் நூறு வயதைத் தொடுகின்றன. சின்னக் குழந்தை இருந்தால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஜன்னல் ஓரம் உரிந்து கிடந்தால் அந்த வீடு வேண்டாம்.

தமிழர்கள் இருக்கிறார்களா? கார் இல்லாமல் முடியுமா?

பஃபலோ பல்கலைக்கழகத்தில் நம் மாணவர்கள் நிறைய. ஆம்ஹர்ஸ்ட் பக்கம் இந்துக் கோயில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டி, ஒன்டாரியோ என்ற இன்னோர் ஏரியின் மேற்கு முனையைச் சுற்றிப் போனால் கனடாவின் டொராண்டோ, சுமார் 160 கிலோமீட்டர். அங்கே ஸ்கார்பரோ பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்காதது இல்லை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கனடா விசா வேண்டும், மறந்துவிட்டுப் பாலம் ஏறாதீர்கள். மெட்ரோ ரயில் 10 கிலோமீட்டர் சொச்சம்தான், புறநகர் வளாகம் வரை போகவில்லை. சீக்கிரம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதிலும் அருவிக்குப் போக வேண்டும். ஊரில் என்ன பார்ப்பது?

காலையில் சிட்டி ஹால். 1931-இல் முடித்த 32 மாடிக் கட்டடம். மேலே ஏறிப் பார்த்தால் ஏரி, கனடா, குதிர்கள் எல்லாம் ஒரே பார்வையில். அப்படியே நடந்து கட்டடக் கலைஞர் லூயி சல்லிவனின் கேரன்டி கட்டடம், 1896. சுடுமண் பலகையில் மேலிருந்து கீழ்வரை இலையும் கொடியுமாக வேலைப்பாடு. நம் கோயில் தூண் பார்த்த கண்ணுக்கு அங்கே நிற்கத் தோன்றும். பிறகு இன்னொரு கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் மார்ட்டின் வீடு. அவருடைய லார்க்கின் கட்டடத்தை 1950-இல் இடித்துவிட்டார்கள். அந்த இழப்பை இங்கே இன்னும் பேசுகிறார்கள். அப்படியிருந்தும் 1897-இல் கட்டிய கிரேட் நார்தர்ன் என்ற தானியக் குதிர் கட்டடத்தை, 2021 டிசம்பர் காற்றில் ஒரு சுவர் விழுந்ததைக் காரணம் காட்டி இடித்தார்கள். எனக்கு அது ஆறவில்லை.

மதியம் அருவிக்குப் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையில் உள்ள அவுட்டர் ஹார்பருக்குத் திரும்பிவிடுங்கள். ஊர் மேற்கே பார்த்து இருப்பதால் சூரியன் ஏரிக்குள்தான் இறங்கும். ஒரு பக்கம் காற்றாலைகள், முதுகுக்குப் பின்னால் குதிர்கள். ஜூலை மாதமே ஆனாலும் காற்று சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.